படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கலாம்

அக்கா மகனுக்கு இடது முட்டி போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து தழும்பும் மங்கிவிட்டது. இப்போது அவன் நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் அந்த மருத்துவமனைக் கவுண்டர் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் 16 வருடமாகக் காப்புறுதி முகவர். மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பித்தப்பைக் கல், டிங்கி, நெஞ்சுவலி என்று நடுராத்திரியில் போன் வந்தாலும் ஓடிப்போய், செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் என்ற கேரண்டி லெட்டர் வரும்வரை கவுண்டரிலேயே நின்று பழக்கப்பட்டவன். அப்படிப்பட்ட நான் சொந்த அக்கா பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த கார்டுதான் அன்றைக்குச் செல்லாமல் போனது. இதை எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போயிருக்கிறேன்.

அந்தக் கார்டை எடுத்தபோது அவனுக்கு 15 வயது. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘மாணவர்’ என்று நான்தான் எழுதினேன். அப்போது அது உண்மை. அப்புறம் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்தான். பகலில் ஒரு மோட்டார் கடையில் எடுபிடி வேலை, சாயங்காலம் தாமான் திடலில் காற்பந்து. பந்து என்றால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம். 20 வயதில் கீழ்ப்பிரிவு லீக்கில் ஆடும் ஓர் அணி அவனை எடுத்துக்கொண்டது. மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்), நான்கு பேர் தங்கும் வாடகை வீட்டில் ஒரு கட்டில், வெற்றி பெற்றால் தனியாகக் கொஞ்சம். ஒப்பந்தம் 9 பக்கம், மலாயில் இருந்தது. அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அந்த 9 பக்கத்தையும் நான் புரட்டிப் பார்த்தேன். சம்பளம் எந்தத் தேதியில் வரும், வேறு அணி கேட்டால் விடுவார்களா, பூட்ஸ் யார் வாங்கித் தருவார்கள், இதையெல்லாம் கேட்டேன். காயம் பட்டால் யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்டுப் பிழைக்கிறவன் நான். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. அடுப்பில் அக்கா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். பையன் பேனாவை மூடாமல் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் சந்தோஷத்தில் இருந்தேன். கார்டில் இருந்த ‘மாணவர்’ என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்பது கூட எனக்குத் தோன்றவில்லை.

கவுண்டரில்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மழை விட்ட திடலில் பயிற்சி. தலையால் முட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது இடது கால் புல்லில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவனைத் தொடவில்லை. முட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னான். தூரத்தில் நின்ற கோல்கீப்பருக்கும் அது கேட்டதாம். அணியோடு மருத்துவர் யாரும் கிடையாது. பக்கத்து மாமாக் கடையில் ஐஸ் வாங்கி, தே ஆயிஸ் என்ற ஐஸ் டீ கட்டித் தரும் பிளாஸ்டிக் பையிலேயே போட்டு முட்டியில் வைத்து, கூட ஆடும் பையன் ஒருவன் தன் மைவி காரில் ஏற்றிக்கொண்டு வந்து அக்கா வீட்டில் விட்டான். இரவெல்லாம் அக்கா அந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காலையில் அது தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

கார்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் தனியார் மருத்துவமனைக்கே போனோம். எலும்பு நிபுணர் முட்டிக்குக் கீழே காலைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தார். அது இழுத்த இழுப்புக்கு வந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்துத்தான் சொன்னார்: ஏசிஎல் போயிருக்கும், எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்து கொள்வோம். முட்டிக்கு உள்ளே தொடை எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தசைநார் முழுக்கக் கிழிந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அதன் பிறகும் திடலுக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும், அவசரப்பட்டால் மறுபடியும் கிழியும். செலவு 28,000 வெள்ளிக்கு மேல் வரும் என்று கீழே பில்லிங்கில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

கேரண்டி லெட்டருக்கு அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். விபத்து எந்த நாள், எந்த இடம், எப்படி நடந்தது. தாதி கணினியில் கை வைத்துக்கொண்டு மலாயில் கேட்டார். அப்போதுதான் அக்கா அவன் காதருகில் குனிந்தாள். "தம்பி, படியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. மழைதானே பெய்ஞ்சிச்சு." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும் என்ற பார்வை அது.

எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இருந்த எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். படி என்றால் பணம் வரும். பயிற்சி என்றால் வராது. பாலிசியின் விலக்குப் பட்டியலில் ‘தொழில்முறை விளையாட்டு’ என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். பொய் சொல்லச் சொல்வது என் உரிமத்துக்கே ஆபத்து, பின்னால் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாலிசியையே ரத்து செய்வார்கள், இதுவும் தெரியும். ஆனால் அக்கா வீட்டில் 28,000 வெள்ளி கிடையாது என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தலையையும் அசைக்கவில்லை. எதிரே எண் பலகையில் சிவப்பு எழுத்து மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முகவராக ‘உண்மையைச் சொல்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தாய்மாமனாக ‘பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் சொல்லவில்லை. 21 வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் போட்டுவிட்டு நின்றேன்.

அவன் தாதியைப் பார்த்து, "லாத்திஹான். சாயா பெமாயின் போலா" என்றான். பயிற்சியில் நடந்தது, நான் பந்து விளையாட்டுக்காரன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னான். தாதி அதை அப்படியே தட்டச்சு செய்தார். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்று வரி. அக்கா அழவில்லை. கார்டைப் பர்ஸில் திருப்பி வைத்தாள். இன்று வரை அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

வரும் வழியில் காரில் நான்தான் பேச்சை எடுத்தேன். ஏன் தம்பி அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை, நீ சொன்னது சரி என்று மட்டும் சொன்னேன். அவன் சன்னல் பக்கம் பார்த்தபடியே, "பந்து ஆடித்தானே மாமா விழுந்தேன். படியில விழுந்தேன்னு எழுதிட்டா நான் பந்தே ஆடலன்னு ஆயிடும்ல" என்றான்.

ஒரே பையன், இரண்டு தாள்

அந்த விலக்கு வரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டு மெடிக்கல் கார்டுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஓட்டப்பந்தயம் தவிர்த்த எல்லா வகைப் பந்தயங்கள், விமானத்திலிருந்து குதித்தல், நீர்ச்சறுக்கு, மூச்சுக் கருவியோடு நீருக்கடியில் இறங்குதல், பனிக்கால விளையாட்டுகள், தொழில்முறை விளையாட்டு, சட்டவிரோதச் செயல்கள், இவற்றால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் பணம் கிடையாது. தொழில்முறை விளையாட்டுக்கு அடுத்து நிற்பது சட்டவிரோதச் செயல். பினாங்குப் பாலத்து மராத்தானில் ஓடிக் காலை உடைத்துக்கொண்டால் கார்டு செல்லும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஃபுட்சால் ஆடி முட்டி போனாலும் செல்லும். அதே பந்தை மாதம் 1,800 வெள்ளிக்கு உதைத்தால் செல்லாது.

இதற்குக் காப்புறுதி நிறுவனங்களைத் திட்டுவது எளிது. ஆனால் நான் அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன். எல்லோரும் போடும் பணம் ஒரே உண்டியலில் விழுகிறது. ஆசிரியை, கடைக்காரர், லாரி ஓட்டுநர் எல்லோரும் போட்டதிலிருந்துதான் ஒருவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். வாரம் ஐந்து நாள் மோதி விழுந்து எழுவதே வேலையாக உள்ளவருக்குக் காயம் வருமா என்ற கேள்வியே கிடையாது, எப்போது வரும் என்பதுதான். அவரையும் அதே பிரிமியத்தில் சேர்த்தால் மற்றவர்களுக்கு ஏறும். இப்போதே ஏறியது போதாதா? 2024 கடைசியில் பிரிமியம் ஏறிய ஏற்றத்தில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே தலையிட்டு, பெரும்பாலானவர்களுக்கு வருடத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாமல் பிரித்து ஏற்றச் சொன்னதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் அந்த விலக்கு வரியில் எனக்குக் கோபம் இல்லை. வேலையால் வரும் காயத்தை வேலை கொடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வரிக்குள் இருக்கும் அர்த்தம். அது நியாயம்தான்.

என் கோபம் வேறு இடத்தில். மறுநாள் அணி நிர்வாகியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரிதான் பேசினார், தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விபத்தைப் பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் ஒப்பந்தத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து ஒரு சொல்லில் விரலை வைத்தார். ‘எலாவுன்’. சம்பளம் இல்லை, உதவித்தொகை. இவர்கள் எங்கள் ஊழியர்கள் கிடையாது, அதனால் பெர்கேசோ கட்டுவதில்லை என்றார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்துக்கு நாலு பக்கம் முன்னால் இருந்தது அந்தச் சொல்.

ஆக, காப்புறுதி நிறுவனத்தின் தாளில் அவன் தொழில்முறை ஆட்டக்காரன், அதனால் பணம் இல்லை. அணியின் தாளில் அவன் தொழிலாளியே இல்லை, அதனாலும் பணம் இல்லை. படியில் விழுந்ததாக எழுதினால் நான் பந்து ஆடாதவனாகிவிடுவேன் என்று பயந்து உண்மையைச் சொன்னானே, அவன் எதற்குப் பயந்தானோ அதை அவனுடைய அணி ஒரு வருடத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சம்பளம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் பெயரைப் பார்ப்பதில்லை. ஊழியருக்குப் பணமாகக் கொடுக்கும் எல்லா ஊதியமும் சம்பளம்தான், உதவித்தொகைகளும் அதில் அடக்கம். போக்குவரத்துப் படி, வருடாந்தர போனஸ் போன்ற சிலதுதான் வெளியே நிற்கும். எப்போது வர வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், யாரோடு ஆட வேண்டும், எல்லாவற்றையும் அணிதான் முடிவு செய்கிறது. அப்புறம் அவன் ஊழியன் இல்லை என்றால் வேறு யார்? ஃபிஃபாவின் விதியும் இதில் தெளிவாக இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவை விட அதிகமாகப் பணம் கிடைத்தால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அவ்வளவுதான் அளவுகோல். 2008-இல் ஃபிஃபா தேசியச் சங்கங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று சொன்ன இடத்தில் நோய்க்கும் விபத்துக்குமான காப்புறுதியும் இருக்கிறது.

பணம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். 1,800 வெள்ளி சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய பெர்கேசோ மாதம் 31 வெள்ளி கூட ஆகாது. ஒரு நல்ல பந்து அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தப் பணம் கட்டியிருந்தால் சிகிச்சை, மருத்துவ விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு, முட்டி பழைய நிலைக்கு வராவிட்டால் அதற்கான இழப்பீடு, மலாக்காவில் பெர்கேசோ நடத்தும் மறுவாழ்வு மையம் என்று ஒரு வழி இருந்திருக்கும். பெர்கேசோ கவுண்டரில் இருந்த அம்மா எங்களைப் பொறுமையாகக் கேட்டார், புகார் கொடுங்கள், ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கையும் கொண்டு வாருங்கள் என்றார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னது பையன்தான். புகார் கொடுத்தவன் என்று பெயர் வந்தால் வேறு எந்த அணியும் கூப்பிடாது என்று நினைத்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தானாக முடிந்தது. அடுத்த வருடம் அந்த அணியே லீக்கில் இல்லை.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள்

எங்கள் அப்பா பிறை ரயில்வேயில் இருந்தவர். அவரோடு வேலை பார்த்த ஒருவர் மாநில அளவில் பந்து ஆடினார், ரைட் பேக். ஓர் ஆட்டத்தில் காலெலும்பு முறிந்து மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். அப்பாவோடு அவரைப் பார்க்கப் போனது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டில் எப்போதும் போல அரிசி இருந்தது. சம்பளம் வந்துகொண்டிருந்தது. அரசாங்க ஊழியர் என்பதால் மருத்துவமனைச் செலவு பற்றி யாரும் பேசவே இல்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். போலீஸ், ரயில்வே, மின்வாரியம், வங்கி என்று ஏதாவது ஓரிடத்தில் வேலை, சாயங்காலம் பந்து. மூன்று ஆசியத் தங்கங்களை 1966-இல் பேங்காக்கில் ஓடி வென்ற எம். ஜெகதீசன் டாக்டர். ஓட்டம் அவருக்குச் சோறு போட வேண்டியிருக்கவில்லை.

1989-இல் லீக் பாதித் தொழில்முறை ஆனது, 1994-இல் முழுத் தொழில்முறை ஆனது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், ஸ்டேடியம் பண்டாராயாவில் கூட்டம் நெரியும். இனிமேல் பந்து ஆடியே பிழைக்கலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்த மாற்றத்தில் பகல் வேலை போனது. பகல் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த மருத்துவச் சலுகை, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்து போனதை நாங்கள் யாரும் கணக்கில் வைக்கவில்லை. பெரிய சம்பளம் வாங்கும் சிலருக்கு அது பெரிய இழப்பில்லை. கீழே 1,800-க்கும் 2,000-க்கும் ஆடுகிறவர்களுக்கு அந்த ரயில்வே வேலைக்கு ஈடாக எதையும் யாரும் வைக்கவில்லை.

நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகம் தேசிய வீரர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கிறது. ஓய்வு பெற்ற தேசிய வீரர்களுக்கு உதவ யாகெப் என்ற அறநிறுவனம் இருக்கிறது. ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் வளர்ந்த புக்கிட் மெர்தாஜாம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த மாதிரி ஒருவர் உருவாக எத்தனை பிள்ளைகள் கீழே ஆட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு வாசலிலும் ‘தேசிய’ என்ற சொல் நிற்கிறது. அக்கா மகன் அந்த வாசல் வரை போகவில்லை.

வெளிநாடுகளைப் பார்த்தால் பணக்கார விளையாட்டுகளில் கூட இது தானாக வரவில்லை என்று தெரிகிறது. அமெரிக்க பேஸ்பால் மேல்மட்ட லீக்கில் ஒரே ஒரு நாள் அணிப் பட்டியலில் இருந்தாலே மருத்துவக் காப்புறுதித் திட்டத்துக்குத் தகுதி வந்துவிடுகிறது. அமெரிக்கக் காற்பந்தான என்எஃப்எல்லில் போதுமான சீசன்கள் ஆடியவருக்கு ஓய்வுக்குப் பிறகு 5 வருடம் காப்புறுதி தொடர்கிறது. 2016-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டக்காரர் சங்கம் குறைந்தது 3 வருடம் ஆடி ஓய்வு பெற்றவர்களுக்குத் தாங்களே பணம் போட்டு மருத்துவக் காப்புறுதி எடுத்தது. சங்கங்கள் உட்கார்ந்து பேசியோ பணம் போட்டோ வந்தவை இவை. நமக்கும் தொழில்முறைக் காற்பந்தாளர் சங்கம் இருக்கிறது, பிஎஃப்ஏஎம். சம்பளப் பாக்கிக்காக அவர்கள் வருடா வருடம் போராடுவதிலேயே மூச்சு முட்டுகிறது. சம்பளமே வராத இடத்தில் முட்டியைப் பற்றி எப்போது பேசுவது?

ஃபிஃபாவுக்கும் ஒரு திட்டம் உண்டு. 2012 முதல், தேசிய அணிக்கு ஆடப் போன இடத்தில் ஒருவர் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால் அவருடைய சம்பளத்தை ஈடுகட்ட ஃபிஃபா பணம் கொடுக்கிறது. கொடுப்பது அவருடைய கிளப்புக்கு. ஆட முடியாத உடம்பு கிளப்புக்கு நஷ்டம், அந்த நஷ்டத்துக்குத்தான் காப்பு. மருத்துவச் செலவு அதில் வராது. அதை முதன்முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

என் மனதில் இருப்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு சீசனுக்கு ஆட்டக்காரரைப் பதிவு செய்யும் தாளோடு பெர்கேசோ பதிவையும் விபத்துக் காப்புறுதிச் சான்றையும் இணைக்காவிட்டால் அந்தப் பதிவையே ஏற்கக் கூடாது. பூட்ஸ் போடாமல் திடலில் இறங்க நடுவர் விடுவதில்லை. இதற்கும் அதே கண்டிப்பு வேண்டும். சீசன் முடிவில் கேட்டால் பயனில்லை, முதல் பயிற்சிக்கு முன்னால் கேட்க வேண்டும். முட்டி ஆட்டத்தில் மட்டும்தான் போகும் என்றில்லை, இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலும் போகும்.

படி

கடைசியில் அரசாங்க மருத்துவமனைதான் கை கொடுத்தது. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. எம்ஆர்ஐக்கு முறை வர மாதங்கள் ஆனது. அறுவை சிகிச்சைக்கு மேலும் சில மாதங்கள். உயிருக்கு ஆபத்தான கேஸ்கள் எல்லாம் முன்னால் போகும்போது, நடக்க முடிகிற ஒரு பையனின் முட்டி காத்திருக்கத்தான் வேண்டும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. உள்ளே வைக்கும் ஸ்க்ரூவுக்கும் சாமானுக்கும் மட்டும் எங்களையே கட்டச் சொன்னார்கள். அதை நான் கட்டினேன். அதற்குள் காயம் பட்டு 8 மாதம். தொடை மெலிந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் வேறு வேறு ஆளின் கால் மாதிரி இருந்தது.

மருத்துவமனை பிசியோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். மீதி நாளெல்லாம் வீட்டில் தானாகவே செய்தான். ஃப்ளாட்டின் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் உள்ள படி. இடது காலை முதல் படியில் வைத்து ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். கைப்பிடிச் சுவரைத் தொடாமல் செய்யச் சொல்லியிருந்தார்கள். மெதுவாக எண்ணுவான். மேலே போகும் சீன அம்மா ஒருவர் ஒதுங்கி நின்று, அவன் ஒரு சுற்று முடித்த பிறகுதான் கடந்து போவார். நான் போகிற நாளில் கீழிருந்தே அந்த எண்ணுகிற சத்தம் கேட்கும். அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் பார்ப்பாள், அப்புறம் உள்ளே போய்விடுவாள். அது எந்தப் படி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

முட்டி ஒருவழியாக வந்தது. வேகம் வரவில்லை. ஓர் அணியின் தேர்வுக்குப் போனான், முதல் நாளே திரும்பி வந்துவிட்டான். ஆட்டத்தில் சட்டென்று திரும்பும்போது தப்பித்துக்கொள்ளவே கால் நினைக்கிறது மாமா என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

என் வேலையில் ஒன்று மாறியிருக்கிறது. பாலிசி எடுத்த குடும்பங்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போன் செய்து பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறேன். அண்ணே, பொண்ணு பேட்மிண்டன் கிளப்புல சேர்ந்துட்டா, காசு குடுக்குறாங்க என்று பெருமையாகச் சொல்லும்போது, ஒப்பந்தத்தை அனுப்புங்கள் என்கிறேன். முதலில் தேடுவது அந்த ‘எலாவுன்’ என்ற சொல்லை. இரண்டு கிளப்புகளுக்கு நானே குழு விபத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தேன். அதில் விளையாட்டுக் காயம் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு கிளப் நிர்வாகி, இதுவரை எந்தப் பெற்றோரும் இதைக் கேட்டதில்லையே என்றார். எனக்கு அது நன்றாகத் தெரியும் என்று சொன்னேன்.

போன வருடக் கடைசியில் அக்கா மகனுக்குப் பிறை தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். சம்பளம் 2,000-க்குக் கொஞ்சம் குறைவு. முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்த அன்று மத்தியானம், வேலை நேரத்திலேயே, எனக்கு ஒரு படம் அனுப்பினான். சீட்டின் மேல் பாதியை விட்டுவிட்டு, பிடித்தம் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்திருந்தான். பெர்கேசோ என்ற இடத்தில் 9.75. கீழே இரண்டே சொல் எழுதியிருந்தான்.

"இருக்கு மாமா."